சாமி மேல் சந்தேகம் வந்தால்: சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழிமுறை

திருநீறு பூசி, பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போய் வளர்ந்த பிள்ளைக்குப் பதினேழு, பதினெட்டு வயதில் சந்தேகம் வருவது சாதாரணம். விடுதி வாழ்க்கை, புது நண்பர்கள், பெரியாரின் ஒரு கட்டுரை, வீட்டில் ஒரு சாவு, எதுவும் காரணமாக இருக்கலாம். வந்தபின் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் மனசுக்குள் போட்டுப் பூட்டிவிட்டுக் குற்ற உணர்வோடு கும்பிடுகிறார்கள். சிலர் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டிலும் கேள்வி தொடப்படாமலே கிடக்கிறது. மற்ற சமய வீட்டுப் பிள்ளைகள் கீழே வரும் நூல்களையும் ஆட்களையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

எழுதிப் பிரித்துப் பாருங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் எழுத வேண்டாம். எழுதி முடிப்பதற்குள் விரல் தேடலுக்குப் போய்விடும், யாரோ ஒருவரின் பத்து நிமிட வீடியோ உங்கள் கேள்வியின் வடிவத்தையே மாற்றிவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு சந்தேகம். கேள்விக்குறியோடு முடிய வேண்டும். "எல்லாம் பொய்" என்பது கோபம். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. கேள்விக்குக் கீழே, அது முதலில் எப்போது வந்தது, அந்த வாரம் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பலருக்கு விஷயம் பிடிபடுவது அந்த வரியில்தான்.

பல பிள்ளைகளை உலுக்கும் கேள்வி ஒன்றை எடுத்துப் பார்ப்போம்: "மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார்களாமே, இந்த மதத்தையா நான் கும்பிடுகிறேன்?" பார்க்க ஒரு கேள்வி. பிரித்தால் மூன்று. நடந்ததா என்பது முதலாவது. கதையில் சமணரை வாதில் வென்றவராக வரும் ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. கதையை விரித்துச் சொல்லும் பெரிய புராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. நடுவில் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு. அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் இதைச் சொல்லவில்லை. ஆகவே நடந்தது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. நடக்காவிட்டாலும் மரபு இதை ஏன் பெருமையாகப் பாடியது என்பது இரண்டாவது. இதற்கு வரலாறு கைகொடுக்காது, இது அறக்கேள்வி. "பின்னால் வந்த கதைதானே" என்று தட்டிக்கழிக்கும் பெரியவர் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்குச் சொல்கிறார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் தேவாரம் பாடலாமா என்பது மூன்றாவது. அதை முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள் மட்டுமே.

நான்கு வகை

இப்படிப் பிரித்தபின் ஒவ்வொன்றும் பெரும்பாலும் நான்கு வகையில் ஒன்றில் விழும். எந்த வகை என்று பக்கத்தின் மேலே எழுதிவிடுங்கள். வகை மாறிப் பதில் தேடுவதுதான் இந்தத் தேடல் கெட்டுப்போக முதல் காரணம்.

"உண்மையா?" என்பது ஒரு வகை. கடவுள் உண்டா, மறுபிறவி உண்டா, இந்த அற்புதம் நடந்ததா? இவற்றுக்குத் தத்துவ நூலும் வரலாறும் வேண்டும். அற்புதக் கதைகளுக்கு ஒரு எளிய ஒழுங்கு உண்டு: நாயன்மாரின் சொந்தப் பதிகத்தை முதலில் படியுங்கள், அவரைப் பற்றிய புராணத்தைப் பிறகு படியுங்கள். எது அவர் வாய்ச்சொல், எது பிற்காலம் சேர்த்தது என்று தானே தெரியும்.

"நியாயமா?" என்பது அடுத்த வகை. சாதி, தீட்டு, மாதவிலக்கு, காசுக்குத் தனி வரிசை. இவை கடவுளைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும் பெரும்பாலும் மனிதர்களின் ஏற்பாட்டைப் பற்றியவை. ஏற்பாடுகள் மாறும். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் போனவர்கள் நுழையும்வரை, சாதியின் பெயரால் விலக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கால்வைக்க முடியாது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்கள் அறநிலையத் துறைக் கோயில்களில் நியமனம் பெற்றார்கள். "ஐதீகம் அப்படி" என்று யாராவது சொன்னால் எந்த நூலில், எந்தக் காலத்திலிருந்து என்று கேளுங்கள். அநியாயம் என்று பட்டதை அநியாயம் என்று சொல்வதற்கு நாத்திகராக இருக்கத் தேவையில்லை. ஆத்திகராக இருப்பதும் அதற்குத் தடையில்லை.

மூன்றாவது துக்கம். "எங்கப்பாவை ஏன் எடுத்துக்கிட்டே?" இந்தப் பக்கத்தைத் தத்துவத்திடம் கொண்டுபோகாதீர்கள், முதல் சில மாதமாவது. துக்க வீட்டில் "போன ஜென்மத்து வினை" என்று சொல்வது பதில் அல்ல, காயத்தில் உப்பு. வினைக்கொள்கை சரியா தப்பா என்று பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதைக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது, கோபப்படுவதற்குச் சைவ மரபுக்குள்ளேயே இடம் உண்டு என்பது. பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் சிவனிடம் "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு சாடியது தேவாரத்திலேயே இருக்கிறது. ஒருவன் பிச்சை எடுத்துத்தான் வாழ வேண்டுமென்றால் இந்த உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்கிறது 1062ஆம் குறள். இதையெல்லாம் நீக்காமல்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வகைக்கு நூலைவிட ஆள் முக்கியம். அதே இழப்பைச் சந்தித்த சித்தி, மாமா, நண்பன், யாராவது ஒருவர்.

நான்காவது: "கும்பிடுறேன், ஒண்ணும் தோணலை." இதற்கு வாதம் உதவாது. பயிற்சிதான் வழி, கீழே வருகிறது.

எதை, எந்த வரிசையில் படிப்பது

சிவஞான மாபாடியத்தை (சிவஞான போதத்துக்கு எழுதப்பட்ட பேருரை) வாங்கி வைத்துவிட்டு நாலாம் பக்கத்தில் நிறுத்துவது ஆர்வமுள்ள பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. அது கடைசியில் படிக்க வேண்டியது.

முதல் மாதம் அப்பரின் பத்துப் பதிகம், உரையோடு. "கூற்றாயினவாறு" என்று தொடங்கும் பதிகத்திலிருந்து ஆரம்பியுங்கள். அவர் சமணத்துக்குப் போய், தருமசேனர் என்ற பெயரில் தலைவராக இருந்து, திரும்பி வந்தவர் என்கிறது பெரிய புராணம். சமயம் மாறியவரின் வருத்தமும் தவிப்பும் அவர் பாட்டில் நேரடியாக இருக்கின்றன. தருமபுரம் ஆதீனத்தின் உரைப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டாம் மாதம் சைவ சித்தாந்தத் தத்துவத்தின் அடிப்படை நூலான மெய்கண்டாரின் சிவஞான போதம். பன்னிரண்டு சூத்திரம், மொத்தம் நாற்பது வரி. எளிய உரை ஒன்றை வைத்துக்கொண்டு வாரம் மூன்று சூத்திரம். முதல் சூத்திரமே கடவுள் உண்டு என்பதற்கான வாதம்: தோன்றி, நின்று, மறையும் உலகத்துக்கு ஒரு முதல் வேண்டும் என்கிறது. அது உங்களுக்கு ஒப்புகிறதா? இல்லையென்றால் எந்த இடத்தில் ஒப்பவில்லை? எழுதுங்கள்.

மூன்றாம் மாதம் எதிர்த்தரப்பு. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இரண்டு பகுதி. அதில் பரபக்கம் மாற்றுக் கொள்கைகளை வரிசையாக வைத்து மறுக்கிறது. முதலில் நிற்பவன் உலகாயதன்: கண்ணால் காண்பதே சான்று, உடம்புக்கு அப்பால் உயிர் இல்லை என்பவன். எதிராளியின் கொள்கையைச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது சித்தாந்தத்தின் ஒழுங்கு. ஆனால் அங்கே உலகாயதன் பேசுவது சைவர் எழுதிக்கொடுத்த வசனம். அதனால் பெரியாரின் கட்டுரைகளை அவர் எழுத்திலேயே படியுங்கள். அவர் 1925இல் தொடங்கிய குடி அரசு இதழின் கட்டுரைகள் தொகுப்புகளாக வந்திருக்கின்றன. சமணர் தரப்புக்கு நீலகேசி என்ற சமணக் காப்பியம் இருக்கிறது.

மணிமேகலையில் இரண்டு காதைகளை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். 27ஆம் காதையில் அவள் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் "உன் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், பூதவாதி எல்லாரும் உண்டு. முழுக்கக் கேட்ட பிறகே நகர்கிறாள். 29ஆம் காதை தருக்கப் பாடம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல என்று பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) மூன்றையும் காட்டிவிட்டு, ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகும் என்று அடுக்குகிறது. உரையோடு பத்து நாள் பிடிக்கும், கடினம்தான். ஆனால் இதைப் படித்தவரை மேடைப்பேச்சால் எளிதில் ஏமாற்ற முடியாது, எந்தத் தரப்பு மேடையாக இருந்தாலும். மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும் மூலம் காசில்லாமல் கிடைக்கும்.

யாரிடம் கேட்பது

குருக்களிடம் தத்துவம் கேட்டுவிட்டு, "அவருக்கே தெரியலை" என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். அவர் படித்தது ஆகமமும் பூசை முறையும்; ஏன் இந்த அபிஷேகம், ஏன் இந்த முத்திரை என்று கேட்டால் விவரமாகச் சொல்வார். பாட்டின் பொருளுக்கு ஓதுவார். தத்துவத்துக்குச் சித்தாந்தம் முறையாகப் படித்தவர். ஆதீனங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகளில் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் கிடைப்பார்கள். கல்லூரியில் தத்துவத் துறை இருந்தால் அங்கேயும் போகலாம்.

வெள்ளிக்கிழமை, பிரதோஷம், திருவிழா நாளில் போய்க் கேட்காதீர்கள். சாதாரண நாளில், சாயரட்சை (மாலைப் பூசை) முடிந்து கூட்டம் குறைந்தபின் போங்கள். "ஐயா, ஒரே ஒரு கேள்வி, பத்து நிமிஷம் இருக்குமா?" என்று கேட்டு, நோட்டில் எழுதியதை அப்படியே வாசியுங்கள். வாதாடப் போகாதீர்கள், பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். அதே கேள்வியை இன்னொருவரிடமும் கேளுங்கள்.

நல்ல ஆசிரியர் என்று எப்படித் தெரியும்? "எனக்குத் தெரியாது" என்று அவர் வாயில் வரும். மற்றவரிடம் கேட்டால் கோபிக்க மாட்டார். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி சொல்வார். முதல் சந்திப்பிலேயே பணம் கேட்கிறவர், வீட்டாரிடம் சொல்லாதே என்கிறவர், தனியறைக்கு வரச் சொல்கிறவர், கேட்டாலே "அகங்காரம்" என்கிறவர், இவர்களிடமிருந்து அன்றே விலகுங்கள். இதில் இரண்டாம் வாய்ப்பு கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு மண்டலம்

எதுவும் தோன்றாத பிள்ளைக்கு: 48 நாள், ஒரே நேரம், ஒரே இடம், பதினைந்து நிமிடம். திருவாசகத்தின் சிவபுராணம் 95 வரி. நிதானமாகச் சொன்னால் பத்து நிமிடத்துக்குள் முடியும், மீதி நேரம் சும்மா உட்காருங்கள். நம்பிக்கை இல்லாமல் பாட்டுச் சொல்வது பொய் என்று பட்டால், முழு நேரமும் அமைதியாக இருங்கள். ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்த "நான் யார்?" சிறிய நூல், அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் நோட்டில் இரண்டே வரி. "தூக்கம் வந்தது" என்பதும் பதிவுதான். இடையில் எடைபோடாதீர்கள், 48ஆம் நாள் மொத்தமாகப் படியுங்கள்.

கெடுவது எங்கே? பத்தாம் நாள் லேசாக ஒரு சுகம் வரும், உடனே இரண்டு மணி நேரமாக்கிவிடுவார்கள், பட்டினி சேர்ப்பார்கள், வீடியோ பார்த்து மூச்சை அடக்குவார்கள். வேண்டாம். மூச்சுப் பயிற்சிக்கு நேரில் ஆசிரியர் வேண்டும். இரண்டு மூன்று இரவு தூங்காமலும் களைப்பே தெரியாமல் இருந்தாலோ, குரல் கேட்டாலோ, தனக்கென்று தெய்வக் கட்டளை வந்ததாகத் தோன்றினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், பலர் வெளியே சொல்லாமலே வேதனைப்படுவது இது: விரும்பாமலே சாமியைப் பற்றி ஆபாசமான எண்ணம் திரும்பத் திரும்ப வருவது, அதற்குப் பயந்து மந்திரத்தை எண்ணி எண்ணிச் சொல்வது. இது பாவம் அல்ல, நாத்திகமும் அல்ல. ஓசிடி என்ற மனநோயின் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவது) ஒரு வடிவமாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு.

வீட்டில் எப்படிச் சொல்வது

தீபாவளி அன்றும், சொந்தக்காரர் முன்னாலும், அம்மா விளக்கேற்றும்போதும் சொல்ல வேண்டாம். எதை விட்டுவிடுகிறீர்கள் என்பதற்கு முன், எதைத் தொடரப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். "அம்மா, கோயிலுக்கு உங்ககூட வர்றேன். ஆனா எனக்குச் சில கேள்வி இருக்கு, நானே கொஞ்ச நாள் படிச்சுப் பாக்குறேன். இப்பவே முடிவு எதுவும் எடுக்கலை." இந்த அளவு போதும். பாட்டியிடம் வாதம் செய்யாதீர்கள்; "உங்களுக்கு எப்படிப் பாட்டி நம்பிக்கை வந்துச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் அவர்களிடம் கேட்டதே இருக்காது, கேட்டால் புத்தகத்தில் இல்லாதது வரும். அப்பா அடிக்கிறார், படிப்பை நிறுத்துவேன் என்கிறார் என்றால், சொந்தக் காலில் நிற்கும்வரை நோட்டோடு வைத்துக்கொள்வதில் கோழைத்தனம் இல்லை. பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

தீட்சை, மதமாற்றம், பகிரங்க அறிவிப்பு மூன்றையும் ஒரு வருடம் தள்ளிவையுங்கள். மனசாட்சிச் சுதந்திரம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் உரிமை, ஒரு வருடத்தில் அது எங்கும் ஓடிவிடாது. மாறுவதென்றால் காகித விவரமும் தெரிந்திருக்க வேண்டும்: 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி தகுதி. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால் அந்தச் சலுகை போகும். கல்லூரிச் சேர்க்கையும் உதவித்தொகையும் அதையொட்டி மாறும். அந்த ஆணை நியாயமா என்பது நோட்டில் இரண்டாம் வகையில் எழுத வேண்டிய கேள்வி. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.