போலி விசைக் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முடுக்கத்தோடு நகரும் வண்டிக்குள் இருந்து பார்க்கும்போது, நியூட்டன் விதி பொருந்துவதற்காக நாமே சேர்த்துக்கொள்ளும் விசைதான் போலி விசை. அது வரும் கணக்குகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாததால் அல்ல. தரையில் நின்று பார்க்கிறோமா, வண்டிக்குள் இருந்து பார்க்கிறோமா என்று முடிவு செய்யாமலே விசைப்படம் வரையத் தொடங்கிவிடுவதால்தான். முதல் வரியிலேயே குறிப்பாயம் (எங்கிருந்து பார்க்கிறோம்) எது என்று எழுதிவிடுங்கள். இடையில் மாற்றுவதாக இருந்தால் படத்தையும் புதிதாக வரைய வேண்டும்.

ஒரு லாரி நின்ற நிலையிலிருந்து 3 மீ/வி² முடுக்கத்தில் கிளம்புகிறது. அதன் தளத்தில், பின் விளிம்பிலிருந்து 2.08 மீட்டர் தள்ளி 10 கிலோ பெட்டி ஒன்று இருக்கிறது. உராய்வுக் குணகம் 0.2. புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று வைத்தால், உராய்வு அதிகபட்சம் 19.6 நியூட்டன். லாரியோடு சேர்ந்து நகர 30 நியூட்டன் வேண்டும். ஆகவே பெட்டி சறுக்கும்.

தரையிலிருந்து பார்த்தால் கிடைத்திசையில் பெட்டியின் மேல் உராய்வு ஒன்றுதான். அது பெட்டியை 1.96 மீ/வி² முடுக்கத்தில் முன்னோக்கியே கொண்டுபோகிறது. லாரியிலிருந்து பார்த்தால் பின்னோக்கி 30 நியூட்டன் போலி விசை, முன்னோக்கி 19.6 நியூட்டன் உராய்வு, மிச்சம் 10.4, அதாவது பின்னோக்கி 1.04 மீ/வி². 2.08 மீட்டரைக் கடக்க 2 வினாடி. சரிபார்க்க எளிய வழி உண்டு: அதே 2 வினாடியில் தரையில் லாரி 6 மீட்டரும் பெட்டி 3.92 மீட்டரும் போயிருக்கும். வித்தியாசம் 2.08.

இந்த ஒரு கணக்கிலேயே நான்கு இடங்களில் சறுக்கலாம். 'உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்' என்ற மனப்பாடத்தால் உராய்வைப் பின்னோக்கி வரைவது முதல் தவறு. உராய்வு எதிர்ப்பது தளத்தின் மேல் நடக்கும் சறுக்கலை. பெட்டி பின்னால் சறுக்குவதால் உராய்வு முன்னோக்கி இருக்கும். தரைப் படத்திலும் போலி விசையைச் சேர்ப்பது இரண்டாவது; சேர்த்தால் தரையைப் பொறுத்தே பெட்டி பின்னால் ஓடுவதாக விடை வரும். போலி விசைக்குப் பெட்டியின் முடுக்கமான 1.96-ஐப் போடுவது மூன்றாவது. அப்போது நிகர விசை சுழியாகி, பெட்டி சறுக்கவே சறுக்காது! எப்போதும் பெட்டியின் நிறையைக் குறிப்பாயத்தின் முடுக்கத்தால்தான் பெருக்க வேண்டும். கடைசியாக, 1.04-ஐ வைத்துத் தரையில் பெட்டி போன தூரத்தைக் கணக்கிடுவது.

லிஃப்ட் கணக்கில் தடுக்குவது வேறு இடத்தில். மேலே போனால் எடை கூடும் என்று எழுதுகிறார்கள். இங்கே முக்கியம் முடுக்கத்தின் திசை. போகும் திசை அல்ல. 60 கிலோ ஆள் எடைமேடையில் நிற்கிறார். லிஃப்ட் சீரான வேகத்தில் மேலே போகையில் 588 நியூட்டன்தான் காட்டும். மேல் தளத்தில் நிற்பதற்காக 2 மீ/வி² வீதம் வேகம் குறைந்தால் 468 ஆகக் குறையும், மேலே போய்க்கொண்டிருக்கும்போதே.

வளைவில் திரும்பும் காருக்கு வருவோம். மணிக்கு 36 கி.மீ. வேகம், 50 மீட்டர் ஆரம் என்றால் மையத்தை நோக்கிய முடுக்கம் 2 மீ/வி². தரைப் படத்தில் மையநோக்கு விசை, காருக்குள் இருந்து பார்த்தால் மட்டும் சேர்க்கும் போலி விசையான மையவிலக்கு விசை இரண்டையும் வரைந்து சமப்படுத்துவது மிகப் பரவலான தவறு. சமமானால் கார் நேராகப் போகுமே தவிரத் திரும்பாது. மையநோக்கு விசை தனியான விசையும் அல்ல. சமதளச் சாலையில் டயர்களில் படும் உராய்வுதான் அந்த வேலையைச் செய்கிறது. மையவிலக்கு விசையை அதன் எதிர்வினை என்று சொல்வதும் பிழை: வினையும் எதிர்வினையும் வெவ்வேறு பொருள்கள் மேல் செயல்படும், போலி விசைக்கு அப்படி ஒரு சோடியே கிடையாது.

தரையே முழுமையான நிலைமக் குறிப்பாயம் (முடுக்கமில்லாத, போலி விசை தேவைப்படாத குறிப்பாயம்) அல்ல. பூமி சுழல்வதால் நிலநடுக்கோட்டில் 0.034 மீ/வி² முடுக்கம் இருக்கிறது. லாரி, லிஃப்ட் கணக்குகளில் இதை விட்டுவிடலாம். 1851-ல் பாரிஸில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் தொங்கவிட்ட ஊசலில் விட முடியாது. அதன் அலைவுத்தளம் மணிக்குச் சுமார் 11 பாகை திரும்பியது. அதற்காக வாஷ்பேசினில் தண்ணீர் சுழலும் திசைக்கும், பூமி சுழல்வதால் நகரும் பொருள்கள் மேல் சேர்க்கும் போலி விசையான கொரியாலிஸ் விசையைக் காரணம் காட்டக் கூடாது. நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஓடும் நீருக்கு அது தருவது அதிகபட்சம் 0.000015 மீ/வி². குழாயைத் திறந்தபோது ஏற்பட்ட சிறு அசைவும் தொட்டியின் வடிவமுமே அதை மிஞ்சிவிடும். நூற்றுக்கணக்கான கி.மீ. பரப்பில் நாள்கணக்கில் காற்று நகரும் வங்கக் கடல் புயலில்தான் அதே சிறு முடுக்கம் சேர்ந்து சேர்ந்து, காற்றை இடஞ்சுழியாகச் சுழல வைக்கிறது.