ஹோலோகாஸ்ட் நினைவுக்குறிப்புகள் படிக்கப் போறீங்களா? வார்த்தைகள்ல இந்தத் தப்பெல்லாம் வராம பாத்துக்கோங்க

நாஜிகள் பண்ணின யூத இனப்படுகொலையைப் பத்தி படிக்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் முதல்ல ஒரு பட்டியல் போட்டு, இந்தப் பக்கம் ஜெர்மன் வார்த்தை அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம்னு மனப்பாடம் பண்றாங்க. பரீட்சைக்கு அது போதும். ஆனா உயிர் பிழைச்சு வந்தவங்க எழுதின புத்தகத்தைக் கையில எடுத்தா சீக்கிரமே அந்தப் பட்டியல் கைவிட்டுடும், ஏன்னா கொலைகாரன் பயன்படுத்தின வார்த்தை வேற, முகாமுக்குள்ள கைதிங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்ட வார்த்தை வேற, பின்னாடி வரலாற்றாசிரியர்கள் வச்ச பேர் வேற. யார் சொன்ன வார்த்தைன்னு பாக்காம படிக்கிறதுதான் பெரிய தப்பு, மத்ததெல்லாம் அதுலேர்ந்து வர்றதுதான்.

முகாம்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். தமிழ்ல எல்லாத்தையும் "வதைமுகாம்"னு ஒரே பேர்ல எழுதிடறோம். ஜெர்மனியில இருந்த டாக்காவ் முகாம் 1933 மார்ச்ல, ஹிட்லர் பதவிக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகறதுக்குள்ள திறந்தது, முதல்ல உள்ள போனவங்க கம்யூனிஸ்டுகள் மாதிரி அரசியல் எதிரிங்க, அடைச்சு வச்சு அடிச்சு வேலை வாங்கற இடம். போலந்துல இருந்த ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்ஜெட்ஸ் அப்படி இல்ல. அங்க ரயில்ல வந்து இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க சில மணி நேரத்துலயே விஷவாயுவால கொல்லப்பட்டாங்க, கைதிகளைத் தங்க வைக்கிற தேவையே நாஜிகளுக்குப் பெருசா இல்ல, அதனாலதான் இதுங்களுக்குக் "கொலை மையம்"னு தனியா பேர் வேணும். பெல்ஜெட்ஸ்ல 4 லட்சத்துக்கு மேல யூதர்களைக் கொன்னாங்க, போருக்கப்புறம் அதைப் பத்தி சாட்சி சொல்ல மிஞ்சினது ரெண்டே பேர், அதுல ருடால்ஃப் ரெடர் 1946ல ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆஷ்விட்ஸ் வேலை முகாமும் கொலை மையமும் சேர்ந்த இடம், அங்க சுமார் 11 லட்சம் பேர் செத்தாங்க, ஆனா வேலைக்குன்னு ஒதுக்கப்பட்டவங்கள்ல சிலர் பிழைச்சாங்க, அதனாலதான் நம்ம கைக்கு வர்ற புத்தகங்கள்ல அந்தப் பேரே திரும்பத் திரும்ப வருது. நினைவுக்குறிப்பு அதிகம் இருக்கற இடத்தை வச்சே மொத்த வரலாறையும் நினைச்சுக்காதீங்க.

அதே மாதிரி "போலந்து முகாம்"னு எழுதாதீங்க. இடம் போலந்து, ஆனா நாடே ஆக்கிரமிப்புல இருந்தது, கட்டினதும் நடத்தினதும் நாஜி ஜெர்மனி. இந்தக் குழப்பம் வரக்கூடாதுன்னுதான் யுனெஸ்கோ 2007ல ஆஷ்விட்ஸோட அதிகாரப்பூர்வ பேர்லயே "ஜெர்மன் நாஜி"ன்னு சேர்த்தது.

கெட்டோவை, அதாவது யூதர்களை நகரத்துல தனியா அடைச்சு வச்ச பகுதியை, "சேரி"ன்னு மாத்தறது இன்னொண்ணு, அமெரிக்கப் பாட்டுல வர்ற அர்த்தத்தை இங்க கொண்டுவர்றதால வர்ற தப்பு. வார்சாவுல 1940 நவம்பர்ல சுவர் வச்சு அடைச்சு 4 லட்சத்துக்கு மேல யூதர்களை உள்ள திணிச்சாங்க, டாக்டர், வக்கீல், தையக்காரர், அனாதைக் குழந்தைங்க எல்லாரும் அதுக்குள்ள. கெட்டோன்னே எழுதுங்க.

"ஆரியன்" நம்ம ஊர்ல ரொம்ப கவனமா படிக்க வேண்டிய வார்த்தை. நமக்கு ஆரியம் திராவிடம்னு ஒரு பெரிய அரசியல் விவாதம் இருக்கு, அதை அப்படியே ஜெர்மனியில பொருத்திப் பாக்கறவங்க இருக்காங்க. நாஜிகளுக்கு அது நடைமுறையில "யூதர் இல்லாதவர்"னு பிரிக்கிற சட்ட முத்திரை. 1935 நியூரம்பெர்க் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிப்படி தாத்தா பாட்டிகள்ல மூணு பேரோ நாலு பேரோ யூதரா இருந்தா நீங்களும் யூதர், நீங்க எந்தக் கோயிலுக்குப் போறீங்கங்கறது கணக்கே இல்ல. எடித் ஸ்டைன் யூதக் குடும்பத்துல பிறந்து கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஆனவங்க, 1942ல ஆஷ்விட்ஸ்ல கொல்லப்பட்டாங்க. யூதர்னா மதம் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு படிச்சா இது புரியவே புரியாது.

கொலைகாரங்களோட வார்த்தைகளை நம்ம வார்த்தை மாதிரி எழுதறதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற தப்பு. 1942 ஜூலையில வார்சா கெட்டோவுல "கிழக்குல குடியமர்த்தல்"னு அறிவிப்பு ஒட்டினாங்க, செப்டம்பர் வரைக்கும் சுமார் 2,65,000 பேரை ட்ரெப்ளிங்காவுக்கு ஏத்தி அனுப்பினாங்க. அதை மேற்கோள்குறி இல்லாம "குடியமர்த்தப்பட்டார்கள்"னு எழுதினா அந்தப் பொய்யை நாமளும் சொன்ன மாதிரி ஆகிடும். யூதர்கள் எல்லாரையும் கொல்ற திட்டத்துக்கு நாஜிகள் வச்ச "இறுதித் தீர்வு"ங்கற பேரும் அதே ரகம்தான். அதோட 1942 ஜனவரி 20ல பெர்லின்ல நாஜி அதிகாரிங்க கூடின வான்ஸே கூட்டத்துலதான் கொலை முடிவு பண்ணாங்கன்னும் எழுதிடறாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே 1941 செப்டம்பர் கடைசியில கீவ் பக்கத்துல "பாபின் யார்"ங்கற பள்ளத்துல ரெண்டே நாள்ல 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்னு, எண்ணிக்கையை ரிப்போர்ட்டா எழுதி பெர்லினுக்கு அனுப்பியாச்சு.

இப்ப கைதிகளோட பாஷைக்கு வருவோம், இங்கதான் நிறைய நேரம் செலவழிக்கணும். நம்மகிட்ட "செலக்ட் ஆயிட்டான்"னா சந்தோஷ செய்தி. ஆஷ்விட்ஸ்ல ரயில் வந்து நிக்கற மேடையில செலக்‌ஷன்னா, வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவங்க அப்போதைக்கு உயிரோட இருப்பாங்க. அதே முகாமுக்குள்ள பாரக்ஸ்ல நடக்கற செலக்‌ஷன்ல தேர்ந்தெடுக்கப்பட்டா சாவு. 1944 அக்டோபர்ல நடந்த ஒண்ணை அங்கேருந்து பிழைச்சு வந்த இத்தாலிய எழுத்தாளர் ப்ரீமோ லெவி விவரிக்கிறார்: குளிர்ல துணியில்லாம, கையில நம்பர், பேர், வயசு எழுதின அட்டையோட ஒரு கதவுலேர்ந்து இன்னொரு கதவுக்கு ஓடணும், எஸ்எஸ் (முகாம்களை நடத்தின நாஜிப் படை) ஆள் ஒரு பார்வை பாத்துட்டு அட்டையை இடது பக்கமோ வலது பக்கமோ நிக்கறவன்கிட்ட குடுப்பான். எந்தப் பக்கம் சாவுன்னு யாரும் சொல்லலை, அதனால ரொம்ப வயசானவங்க, எலும்பும் தோலுமா இருக்கறவங்களோட அட்டை எந்தப் பக்கம் போச்சுன்னு கேட்டுத்தான் இவங்க கண்டுபிடிக்கிறாங்க. இதுக்குத் "தேர்வு"ன்னு எழுதிட்டு கடந்து போறதை என்னால ஏத்துக்க முடியலை.

"ஆர்கனைஸ்" பண்றதுன்னா அங்க ஏற்பாடு பண்றது கிடையாது, முகாம் கிடங்குலேர்ந்து தெரியாம எடுத்து, மாத்தி, எப்படியோ ஒரு பொருளைக் கைக்குக் கொண்டுவர்றது. பக்கத்துப் படுக்கைக்காரன் ரொட்டியை எடுத்தா அது திருட்டு, அதுக்கு இந்த வார்த்தை இல்ல. "முஸல்மான்"னு வர்ற இடத்துல முஸ்லிம் கைதின்னு மொழிபெயர்த்துடாதீங்க, பசியில உடம்பும் மனசும் செத்து நடைப்பிணமா ஆனவங்களைச் சொல்ற முகாம் வழக்கு அது. மத்த கைதிகளை மேய்க்க வச்ச கப்போவைச் சிலர் "கங்காணி"ன்னு எழுதறாங்க, ஆனா கப்போவும் கைதிதான், நாளைக்கே அந்தப் பதவி போகலாம், கொடூரமானவங்களும் இருந்தாங்க, ரகசியமா உதவினவங்களும் இருந்தாங்க.

சோண்டர்கமாண்டோவை அகராதி பாத்து "சிறப்புப் படை"ன்னு போட்டுட்டா அதைவிட அநியாயம் இல்ல. நினைவுக்குறிப்புகள்ல அது, விஷவாயு அறையிலேர்ந்து பிணங்களை எடுத்து எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட, பெரும்பாலும் யூதர்களான கைதிங்க. 1944 அக்டோபர் 7ல ஆஷ்விட்ஸோட ஒரு பகுதியான பிர்கெனாவுல கிளர்ச்சி பண்ணாங்க, அதுல செத்த ஸல்மன் க்ராடோவ்ஸ்கி எழுதி மண்ணுல புதைச்சு வச்ச பக்கங்கள் போருக்கப்புறம் கிடைச்சுது. ஆனா பாபின் யார்ல சுட்ட எஸ்எஸ் பிரிவுக்கும் பேர் சோண்டர்கமாண்டோ 4ஏ. ஒரே வார்த்தை, ஒரு இடத்துல கொன்னவன், இன்னொரு இடத்துல கொல்லப்படப் போறவன், அதனால இடத்தையும் வருஷத்தையும் பாக்காம அர்த்தம் எழுதாதீங்க.

"விடுதலை"யும் அப்படித்தான், அந்த நாளோட சாவு நின்னுடலை. பெர்கன் பெல்சன் முகாமை 1945 ஏப்ரல் 15ல பிரிட்டிஷ் ராணுவம் மீட்டுது, அதுக்கப்புறமும் 13,000 பேருக்கு மேல நோயாலயும் பட்டினியால உடம்பு விட்டுப்போனதாலயும் செத்தாங்க.

கடைசியா, டைரியையும் நினைவுக்குறிப்பையும் ஒண்ணாக்கிடாதீங்க. ஆன் ஃப்ராங்கோட டைரியைத் தப்பிப் பிழைச்சவங்க நினைவுகள்னு பட்டியல்ல போட்டுடறாங்க, அந்தப் பொண்ணு பெல்சன்லயே 1945 தொடக்கத்துல செத்துப் போச்சு. டைரி எழுதறவங்களுக்கு நாளைக்கு என்ன நடக்கும்னு தெரியாது, திரும்பி வந்து எழுதறவங்களுக்கு எல்லாம் தெரியும். அதனால முகாமுக்கு வந்து இறங்கற அத்தியாயத்துலயே "காஸ் சேம்பர்"னு வந்தா, அந்த வார்த்தை அந்த ராத்திரி அவருக்குத் தெரிஞ்சிருக்குமா, இல்ல பின்னாடி தெரிஞ்சு எழுதறாரான்னு பென்சில்ல ஓரமா குறிச்சுக்கிட்டே படிங்க.