பீடி சுற்றுபவர்களின் பிடரித் தலைவலி: கழுத்தைப் பழக்கும் முறை

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் சுளகை மடியில் வைத்துக் குனிந்தே பீடி சுற்றும் பெண்களுக்கு, மத்தியானம் சாய்ந்ததும் ஒரு தலைவலி வரும். பிடரியில் கிளம்பி, பின்மண்டையில் ஏறி, கண்ணுக்கு மேலே வந்து நிற்கும். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்துக்கான நரம்பும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் கழுத்தின் வலி நெற்றியில் தெரிகிறது. நெற்றியில் எவ்வளவு தைலம் தேய்த்தாலும் கேட்காததற்கு அதுதான் காரணம்.

எப்போதும் ஒரே பக்கம் வலித்து, கழுத்தைத் திருப்பினால் பிடித்து, குனிந்த வேலையில் கூடினால் இந்த வகையாக இருக்கலாம். விண்விண்ணென்று தெறித்து, குமட்டி, வெளிச்சம் கூசினால் அது ஒற்றைத் தலைவலியாக (மைக்ரேன்) இருக்கலாம். ஆனால் அதிலும் கழுத்து வலிக்கும் என்பதால், பிசியோதெரபிஸ்ட் கையால் பார்ப்பதே நல்லது. மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை நெஞ்சை நோக்கி முழுக்க மடக்கி, தலையை இரண்டு பக்கமும் திருப்புவார். ஏறக்குறைய 44 பாகை திரும்பவேண்டிய தலை 32-க்குள் நின்றுவிட்டால், கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே இறுக்கம் இருக்கிறது.

திடீரென்று இடி விழுந்தாற்போல வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, அடிபட்ட பிறகு வாந்தி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி வேண்டாம், நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குவென்டலின் ஜுல் குழுவினர் 200 பேரிடம் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. கழுத்தின் ஆழ்தசைகளுக்கு 6 வாரம் மெதுவான பயிற்சி கொடுத்ததில் தலைவலி குறைந்தது. 12 மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. பயிற்சி இதுதான்.

பாயில் மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்குங்கள். நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில் இருக்குமளவுக்குத் துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வையுங்கள். தலையணை வேண்டாம், அது உயரம். நாக்கு மேலண்ணத்தில், பற்கள் ஒட்டாமல், உதடு மூடி இருக்கட்டும். இனி "ஆமா" என்று லேசாகத் தலையாட்டுவதுபோல, பின்மண்டை துண்டின் மேல் உச்சிப் பக்கமாக வழுக்க, தாடையைத் தாழ்த்துங்கள். அசைவு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கவேண்டும். 10 வினாடி அப்படியே நிறுத்தி, பிறகு தளர்த்துங்கள். 10 தடவை, காலையும் இரவும்.

இதில் கெடுவது பெரும்பாலும் வேகத்தாலும் வீம்பாலும்தான். காதுக்குப் பின்னிருந்து காறையெலும்பு வரை ஓடும் தசை மேல் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். அது கயிறாக முறுக்கேறினால் ஆழ்தசை வேலை செய்யவில்லை, மேல்தசை அதன் வேலையைப் பிடுங்கிக்கொண்டது, அசைவைப் பாதியாக்குங்கள். தலையைத் தூக்குவது, தரையில் அழுத்துவது, பல்லைக் கடிப்பது, மூச்சை அடக்குவது எல்லாமே தப்பு. 10 வினாடி முடியாவிட்டால் 5-ல் தொடங்கலாம். பயிற்சியால் தலைவலி வந்தால் அன்றைக்கு அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

வேலையையும் மாற்றாமல் பயிற்சி மட்டும் செய்தால் தினமும் புண்ணைக் கிளறுகிற கதைதான். சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். மடியில் கெட்டித் தலையணை வைத்து அதன் மேல் சுளகை ஏற்றுங்கள். இலை வெட்டுவது, சுற்றுவது, கட்டுவது என்று அரைமணிக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். 25 சுற்றியதும் தலையை நிமிர்த்தித் தோள்பட்டை எலும்பைப் பின்னாலும் கீழேயும் இழுத்து 10 வினாடி நிறுத்துங்கள். ஆயிரம் பீடிக்கு 40 தடவை ஆகிவிடும், கணக்கு வைக்கத் தனியாக எதுவும் வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் கவனம் வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். மெடிக்கலில் இரண்டு மூன்று மருந்து கலந்து தரும் மாத்திரையானால், மாதத்தில் 10 நாள் போட்டாலே அந்தத் தலைவலி வந்துவிடும்.

வலித்த நாளுக்குக் காலண்டர் தாளில் ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போட்டு வாருங்கள். ஆறு வாரத்தில் கோடுகள் குறையவில்லை என்றால் அந்தத் தாள்களையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.