பி.எல்.லில் உள்ள திகதிகளில் கப்பலேற்றத் திகதி எது? எல்.சி.க்கு ஆவணம் தயாரிக்கும் புதியவர்களுக்கான செய்முறை

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ பொதிசெய்த பொருள் ஏ-9 வீதியால் கொழும்புத் துறைமுகத்தை அடைந்து கப்பலேறிய பிறகும், எல்.சி.யின் (உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி வழங்கும் நாணயக் கடிதத்தின்) கீழ் பணம் கிடைக்குமா என்பது பில் ஒஃப் லேடிங்கில் (பி.எல்., சரக்குக்காகக் கப்பல் நிறுவனம் வழங்கும் ஆவணம்) உள்ள ஒரு திகதியிலேயே தங்கியிருக்கிறது. கொன்டெய்னர் துறைமுக வாயிலைக் கடந்த நாள், சுங்கம் விடுவித்த நாள், கப்பல் புறப்படும் என்று கப்பல் முகவர் மின்னஞ்சலில் அறிவித்த நாள் ஆகிய எதையும் வங்கி பார்ப்பதில்லை. அது பி.எல்.லை மட்டும் கையில் எடுத்து, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள, எல்.சி.களுக்கான சர்வதேச விதித் தொகுப்பான யு.சி.பி. 600 விதிகளின் 20ஆவது பிரிவைக் கொண்டு திகதியைத் தீர்மானிக்கிறது. அதே வரிசையில் நாமும் வாசித்தால் வங்கி என்ன சொல்லும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

படி 1: எல்.சி.யில் நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

வங்கிகளின் செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாக வந்த எல்.சி.யில் 44சி (44C) என்பது கப்பலேற்றத்துக்கான கடைசித் திகதி, 44ஈ (44E) ஏற்றும் துறைமுகம், 31டி (31D) எல்.சி. காலாவதியாகும் திகதியும் இடமும், 48 கப்பலேற்றத்துக்குப் பின் ஆவணங்களைச் சமர்ப்பிப்பதற்கான நாட்கள். இந்தச் செய்முறைக்கு 44சி மார்ச் 20 என்றும், 44ஈ கொழும்பு என்றும், 31டி ஏப்ரல் 14 என்றும், 48இல் 21 நாட்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

படி 2: பி.எல்.லின் அச்சு வாசகத்தைப் பாருங்கள்

படிவத்தில் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கும் வாசகம் இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும். சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டது என்று பொருள்படும் ‘ஷிப்ட் ஒன் போர்ட்’ வாசகமாயின், பி.எல். வழங்கப்பட்ட திகதியே கப்பலேற்றத் திகதியாகும். ஏற்றுவதற்காகப் பெறப்பட்டது என்று மட்டும் சொல்லும் ‘ரிசீவ்ட் ஃபோர் ஷிப்மென்ட்’ வாசகமாயின், திகதியிட்ட கப்பலேற்றக் குறிப்பு ஒன்று தனியாக இருந்தே ஆகவேண்டும். பெரும்பாலும் அது தாளின் அடிப்பகுதியில் கப்பலின் பெயரோடும் பயண இலக்கத்தோடும் குத்தப்பட்ட ஒரு முத்திரையாக இருக்கும்.

எந்தப் படிவமானாலும் அந்தக் குறிப்பு இருந்தால், அதிலுள்ள திகதியே வெல்லும். அது வழங்கிய திகதிக்கு முந்தியதா பிந்தியதா என்பது பொருட்டல்ல. நம் உதாரணத்தில் மார்ச் 18இல் வழங்கப்பட்ட பி.எல்.லில் மார்ச் 21 என்ற கப்பலேற்றக் குறிப்பு இருந்தால், அது தாமதமான கப்பலேற்றம். மார்ச் 22இல் வழங்கப்பட்ட பி.எல்.லில் மார்ச் 19 என்ற குறிப்பு இருந்தால் குறையொன்றுமில்லை. மேல் மூலையிலுள்ள திகதியை மட்டும் பார்த்து நிம்மதியடைபவர்களும் பதறுபவர்களும் இந்த இரண்டு நிலைமைகளையும் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள்.

கப்பலின் பெயருக்கு முன்னால் ‘உத்தேச’ என்று பொருள்படும் சொல் இருந்தால், உண்மையில் ஏற்றிய கப்பலின் பெயரும் ஏற்றிய திகதியும் கொண்ட குறிப்புக் கட்டாயம் தேவை.

படி 3: ‘பிளேஸ் ஒஃப் ரிசீப்ட்’ (சரக்கைப் பெற்ற இடம்) கட்டம்

வன்னியிலிருந்து அனுப்புபவர்கள் ஆறுதலாக நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே. கொழும்பில் தொழிற்சாலை வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். நமக்கோ அதில் ‘கிளிநொச்சி’ என்று தட்டச்சாகி வந்துவிடும். கப்பல் நிறுவனம் சரக்கைக் கிளிநொச்சியில் பொறுப்பேற்றது என்று அது சொல்கிறது. அப்படியானால் ‘ஏற்றப்பட்டது’ என்பது கப்பலில் ஏற்றியதையா, லொறியில் ஏற்றியதையா குறிக்கிறது என்ற கேள்வி வங்கிக்கு எழுகிறது. ஆவணப் பரிசோதனைக்கு வங்கிகள் பின்பற்றும் ஐ.எஸ்.பி.பி. நடைமுறைத் தொகுப்பு இதனைப் பின்வருமாறு பிரிக்கிறது.

கட்டத்தில் கிளிநொச்சி இருந்து, துறைமுகம் வரையான வாகனம் பற்றி எதுவும் எழுதப்படாவிட்டால், படி 2இல் சொன்னதே போதும். ஆனால் ‘பிறி-கரியேஜ்’ (துறைமுகம் வரையான போக்குவரத்து) கட்டத்தில் லொறி என்றோ வேறு வாகனம் என்றோ எழுதப்பட்டிருந்தால், அச்சு வாசகம் எதுவாயினும், திகதி, கப்பலின் பெயர், ஏற்றிய துறைமுகம் ஆகிய மூன்றும் கொண்ட கப்பலேற்றக் குறிப்புத் தேவை. துறைமுகத்தின் பெயர் மேலே தனிக் கட்டத்தில் இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. குறிப்புக்குள்ளேயே கொழும்பு என்று இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி, பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். சரக்கைப் பெற்ற இடத்தின் கட்டம் நிரப்பப்பட்டிருந்தால், ‘ஒன் போர்ட்’ என்ற எந்தக் குறிப்பும் அந்த இடத்திலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுசென்ற வாகனத்தையே குறிக்கும் என்ற நிபந்தனை சில படிவங்களில் உண்டு. அப்படியொரு வரி இருந்தால், வாகனம் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டாலும், அதே மூன்று விபரங்களும் கொண்ட குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

என் அபிப்பிராயத்தில், லொறியை நீங்களே வாடகைக்கு அமர்த்திக் கொழும்பில் சரக்கை ஒப்படைப்பதாயின், கிளிநொச்சி அந்தக் கட்டத்தில் வரவே கூடாது. கப்பல் நிறுவனம் அங்கே எதையும் பொறுப்பேற்கவில்லை. வரைவுப் பி.எல். வந்தவுடனேயே முகவரிடம் சொல்லி அதை நீக்குங்கள். மூலப் பிரதி கையொப்பமாகி வந்த பின் திருத்தம் கேட்டு, துறைமுக வேலைகளைக் கவனிக்கும் வாஃப் கிளார்க்கைத் துறைமுகத்துக்கும் முகவர் அலுவலகத்துக்குமாக அலையவிடுவதைவிட, வரைவை அச்சிட்டுப் பென்சிலால் கட்டம் கட்டமாகச் சரிபார்ப்பது எவ்வளவோ மேல். கைபேசித் திரையில் பொடி எழுத்து நிபந்தனையை யாரும் வாசிப்பதில்லை.

படி 4: நாட்களை எண்ணுங்கள்

கப்பலேற்றம் மார்ச் 19 என்றால், 21 நாட்காட்டி நாட்கள் ஏப்ரல் 9இல் முடிகின்றன. எல்.சி. ஏப்ரல் 14 வரை உயிரோடிருந்தாலும் உங்கள் கடைசி நாள் ஏப்ரல் 9தான், ஏனெனில் இரண்டில் முந்தியதே செல்லும். இதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். எக்செலில் திகதியோடு 21ஐக் கூட்டினால் விடை வந்துவிடும். ஆனால் போயா நாட்களும் வங்கி விடுமுறைகளும் குறித்த சுவர் நாட்காட்டி பக்கத்தில் இருக்கட்டும். சமர்ப்பிக்கும் கடைசி நாளோ காலாவதித் திகதியோ சித்திரைப் புத்தாண்டு போன்ற விடுமுறையில் விழுந்தால், வங்கி திறக்கும் அடுத்த நாள்வரை அது நீளும். 44சி திகதி அப்படி நீளாது. யு.சி.பி. 600இன் 29ஆவது பிரிவு அதை வெளிப்படையாகவே மறுக்கிறது.

மார்ச் 20 தவறிவிடும் என்று தெரிந்தால், கொள்வனவாளரிடம் உடனே எல்.சி. திருத்தம் கேளுங்கள். பி.எல்.லுக்கு முன்திகதி இடும்படி முகவரைக் கேட்பது மோசடி.

பின்னர் சேர்த்தவை

எல்.சி.யில் கப்பலேற்றம் ‘ஒன் ஓர் எபவுட்’ (அன்றோ அதையொட்டியோ) மார்ச் 20 என்று இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு முந்திய ஐந்து நாட்களும் பிந்திய ஐந்து நாட்களும் சேரும். ஆகவே மார்ச் 15 முதல் 25 வரை, இரு முனைகளும் உட்பட, ஏற்றலாம். மார்ச் 14இல் ஏற்றினாலும் அது குறையே.

ஒரே எல்.சி.க்கு இரண்டு பி.எல். வந்தால் என்ன செய்வது என்பது மற்றொரு கேள்வி. ஒரே கப்பல், ஒரே பயணம், ஒரே சேருமிடம் என்றால் அது பகுதி ஏற்றுமதியாகாது, இரண்டு திகதிகளில் பிந்தியதே கப்பலேற்றத் திகதி. வெவ்வேறு கப்பல்கள் என்றால், ஒரே நாளில் ஒரே துறைமுகத்துக்குப் புறப்பட்டிருந்தாலும் அது பகுதி ஏற்றுமதிதான். எனவே அதை எல்.சி. தடைசெய்கிறதா என்பதை 43பி (43P) கட்டத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.