‘ஹூ’ என்றால் ‘யார்’ என்று ஆரம்பிக்காதீர்கள்

ஆங்கிலத்தில் ஒரு பெயரை, அதை விவரிக்கும் வாக்கியத்தோடு இணைக்கும் ரிலேட்டிவ் புரோநவுன் நடத்த வகுப்புக்குள் போனதும் போர்டில் முதலில் எழுதுவது என்ன? ஹூ – யார், விச் – எது, வேர் – எங்கே. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். கோளாறே அங்கேதான் தொடங்குகிறது. கேள்வி கேட்கிற ‘ஹூ’வுக்குத்தான் ‘யார்’ பொருந்தும். ‘தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே’ என்பதில் யாரும் எதையும் கேட்கவில்லை. அது வெறும் ‘நேற்று வந்த பையன்’. அந்த ‘ஹூ’வுக்குத் தமிழில் தனிச்சொல் கிடையாது. ‘வந்த’ என்ற பெயரெச்சமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எங்கள் குமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கும் ‘வந்ந குட்டி’தான் என்பதால், அந்த வழியிலும் உதவி கிடைக்காது.

ஆகவே பெயரெச்சத்திலிருந்தே தொடங்குங்கள். குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் பால்வெட்டை விட நல்ல உதாரணம் இல்லை. ‘மாமா வெட்டிய’ என்று எழுதி, பின்னால் ஒவ்வொரு பெயராகச் சேர்க்கச் சொல்வேன்: கத்தி, தோட்டம், விடியற்காலம், மரம், வெட்டு. திருப்பிப் போட்டால் ‘வெட்டிய மாமா’. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்று நன்னூல் சொல்லும் ஆறும் வந்துவிட்டன. ஆறுக்கும் ‘வெட்டிய’ ஒன்றே போதும். கத்தியால், தோட்டத்தில், மரத்தை என்ற உருபுகளையெல்லாம் பெயரெச்சம் விழுங்கிவிடுகிறது. ஆங்கிலம் அப்படி விழுங்காது. நம் பிள்ளைகளின் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ‘தி நைஃப் விச் மை அங்கிள் கட்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

“மாமா கத்தியையா வெட்டினாரு?”

“இல்ல சாறே, கத்திய வச்சு மரத்த.”

“அந்த ‘வச்சு’ எங்க போச்சு?”

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைசியில் ‘தி ட்ரீ வித்’ என்று சேர்த்தாள். அவ்வளவுதான் பாடம். ‘வித் விச்’ என்று முன்னால் கொண்டுபோவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாக்கியம் ‘வித்’தில் முடிந்தால் சிவப்பு மையால் சுழிக்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அது தவறே அல்ல, சுழிக்காதீர்கள்.

அடுத்தது, ‘இடம் வந்தால் வேர்’ என்ற சூத்திரம். அதை நம்பித்தான் பிள்ளைகள் ‘மாத்தூர் இஸ் எ பிளேஸ் வேர் ஐ விசிட்டட்’ என்று எழுதுகிறார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சுற்றுலா போய்வந்த வாரம் அரை வகுப்பு இதையே எழுதியது. வாக்கியத்தை இரண்டாக உடைக்கச் சொல்லுங்கள். ‘ஐ விசிட்டட் இட்’: அந்த ‘இட்’தான் ‘விச்’ ஆகும். ‘வி ஏட் அவர் லன்ச் தேர்’: அந்த ‘தேர்’தான் ‘வேர்’ ஆகும். இதே சோதனை இன்னொரு தவறையும் பிடித்துவிடும். ‘தி ஃபிஷ் விச் அம்மா பாட் இட்’ என்பதில் ‘இட்’ ஏற்கெனவே ‘விச்’ ஆகிவிட்டது. ஒரே சாளை மீனுக்கு இரண்டு தரம் காசு கொடுப்பானேன்?

காற்புள்ளியை யாரும் மதிப்பதில்லை. ‘மை பிரதர் ஹூ ஒர்க்ஸ் இன் துபாய்’ என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், ஊரில் இன்னொரு சகோதரனும் இருக்கிறான் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் வள்ளுவர் சிலையோ ஒன்றே ஒன்று. 2000 ஜனவரி 1இல் திறந்த அதன் உயரம் பீடத்தோடு சேர்த்து 133 அடி. இந்த விவரம் எந்தச் சிலை என்று அடையாளம் காட்டுவதற்கல்ல, கூடுதல் செய்தி. ஆகவே ‘விச் இஸ் 133 ஃபீட் ஹை’ என்பதற்கு இருபுறமும் காற்புள்ளி வேண்டும், அங்கே ‘தட்’ போடவும் கூடாது.

‘ஹூம்’ பேச்சில் அருகிவிட்டது. அதற்கு ஒரு பீரியடை வீணாக்க வேண்டாம்.

இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் பயிற்சியைக் கொஞ்சம் பயந்துதான் கொடுக்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்தை அப்படியே வாலில் ஒட்டிவிடுவார்கள்: ‘தி பஸ் வாஸ் லேட் விச் கோஸ் டு தக்கலை’. நான் செய்வது ஒன்றுதான். ‘பஸ்’ என்ற சொல்லின் மேல் விரலை வைக்கச் சொல்வேன். ‘விச்’ அந்த விரலுக்கு அடுத்துத்தான் தொடங்க வேண்டும். ‘தி பஸ் விச் கோஸ் டு தக்கலை’ என்று எழுதி முடித்த பிறகே ‘வாஸ் லேட்’ எழுத அனுமதி.