4294967297: பகா எண் போல ஏமாற்றும் எண்

பத்து இலக்கம், பார்க்க போன் நம்பர் மாதிரி. வாசித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-ஐ 32 தடவை எழுதிப் பெருக்கி 1 கூட்டினால் இது வரும். பெரிய எண்களை வகைப்படுத்தும்போது நாம் செய்கிற தவறுகள் பலவற்றை இந்த ஒரே எண்ணில் பார்த்துவிடலாம்.

பள்ளியில் படித்த வகுபடும் விதிகளோடு நின்றுவிடுவது முதல் தவறு. கடைசி இலக்கம் 7, எனவே 2, 5 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 59, எனவே 3 போகாது. 7, 11, 13 எதுவும் போகாது. சரி, பகா எண்தான் என்று பேனாவை மூடத் தோன்றும். மூடக் கூடாது. வர்க்கமூலம் வரை பார்க்க வேண்டும். இங்கே அது 65536-ஐ ஒரு துளி தாண்டுகிறது. அதற்குக் கீழே 6542 பகா எண்கள் இருக்கின்றன. 116-ஆவது பகா எண்ணான 641-இல் மாட்டிக்கொள்கிறது: 641 × 6700417.

நாலைந்து உதாரணத்தைப் பார்த்துவிட்டு விதி எழுதுவது அடுத்த தவறு. இதில் விழுந்தவர் சாதாரண ஆள் இல்லை, பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா. 2-ஐ 32 தடவைக்குப் பதில் 1, 2, 4, 8, 16 தடவை எழுதிப் பெருக்கி 1 கூட்டினால், இதே குடும்பத்தில் இதற்கு முன்னால் வருகிற 3, 5, 17, 257, 65537 கிடைக்கும்; ஐந்தும் பகா எண்கள். அதனால் வரிசை முழுவதும் அப்படித்தான் என்று நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் 641-ஐக் காட்டினார். அவர் கண்மூடித்தனமாக வகுத்துப் பார்க்கவில்லை. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே வேலை முடிந்தது!

ஃபெர்மா சோதனை என்று ஒன்று உண்டு: 2 போன்ற சிறிய எண்ணை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான தடவை எழுதிப் பெருக்கி, சோதிக்கும் எண்ணால் வகுக்க வேண்டும்; மீதி 1 வராவிட்டால் அது பகா எண் இல்லை. இதை 2-ஐ வைத்து மட்டும் செய்வதும் ஆபத்து. இந்த எண் அதில் தேறிவிடும். 3-ஐ வைத்துச் செய்தால்தான் குட்டு உடையும்.

பகு எண் என்றதும் காரணிகள் ஏராளம் என்று நினைக்க வேண்டாம். 641, 6700417 இரண்டும் பகா எண்கள், எனவே மொத்தமே நான்கு காரணிகள்தான். தன்னை விட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 6701059. எண்ணைவிட மிகச் சிறியது, ஆகவே இது குறைவெண்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 65536² + 1² என்று இதை எழுதலாம். 62264² + 20449² என்றும் எழுதலாம். பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடியாது. காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்லிவிடலாம்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 32 பிட் முழு எண்ணில் இதைச் சேமித்தால் மேல் பிட் கழன்று 1 மட்டும் மிஞ்சும். நிரலும் "பகா எண் இல்லை" என்றே சொல்லும். விடை சரி, ஆனால் அது சோதித்தது 1-ஐ.