மரம் நடுவதற்கு முன்னால் உயரத்தை எழுதுங்கள்: ரயில் சிமுலேட்டரில் புதுப் பாதை போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருப் பையன் ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அண்ணா, மொரப்பூர் லைனைப் போட்டுட்டேன். ஓட்டிப் பாருங்க." மொரப்பூரையும் தருமபுரியையும் இணைக்கும் 36 கிலோமீட்டர் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். காலையில் அதில் ஏறி வேலைக்குப் போய் ராத்திரி வீடு திரும்பலாம் என்ற நினைப்பு எங்கள் மாவட்டத்தில் பலருக்கு உண்டு. பொறுமை இல்லாதவர்கள் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் சிமுலேட்டரில் போட்டுக்கொள்கிறோம்.

ஓட்டிப் பார்த்தேன். நாலாவது கிலோமீட்டரில் மெமு, அதாவது நின்று நின்று போகும் மின்சாரப் பயணிகள் ரயில், மாட்டு வண்டி மாதிரி தூக்கிப் போட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மூக்கு வானத்தைப் பார்த்தது. பையன் முகத்தில் பெருமை. எனக்கு வயிறு எரிந்தது, அவன் மேல் அல்ல. நான் செய்த அதே வேலையை, அதே வரிசையில், அவனும் செய்திருந்தான். அதற்கு முந்தின மாதம் ஓசூர்க்காரர் ஒருவர் அனுப்பிய ரூட்டிலும் இதே கதைதான்.

அதனால்தான் எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், ஃபைலுக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள் என்பதெல்லாம் ஒரு தடவை அடிபட்டால் தானாக வந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன். நான் பயன்படுத்துவது காசு கொடுக்க வேண்டாத ஓப்பன் ரெயில்ஸ். வேறு சிமுலேட்டர் வைத்திருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பாலானது பொருந்தும்.

நிலம் போன போக்கில் தண்டவாளம் போடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிமுலேட்டரில் பாதை போடும் எடிட்டரைத் திறந்து, செயற்கைக்கோள் படத்தைக் கீழே விரித்து, உயரத் தரவை இறக்கினால் கண்முன்னால் நம் ஊர் மலை எழுந்து நிற்கும். அந்தச் சந்தோஷத்தில் உடனே தண்டவாளத் துண்டுகளை எடுத்து அந்த நிலத்தின் மேலேயே வைத்துக்கொண்டு போவோம். நிலம் ஏறினால் பாதையும் ஏறும், இறங்கினால் இறங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அந்த உயரத் தரவு எங்கிருந்து வந்தது? நம்மில் பெரும்பாலோர் எடுப்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த தரவு. அதில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ரேடார் தோப்புக்குள் புகுந்து மண்ணைத் தொட்டுவிட்டு வருவதில்லை, மரத்தின் மேல்பக்கத்திலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். பாலக்கோடு பக்கம் ஒரு தென்னந்தோப்பு இருந்தால், தரவில் அது ஒரு மேடு. ரயில் பாதைக்காக வெட்டிய குறுகலான பள்ளம் 30 மீட்டர் கட்டத்துக்குள் அடங்கிப் போய்விடும், தரவில் அந்த வெட்டே இருக்காது. ஓடையின் மேல் போட்ட பாலமும் அப்படித்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மீட்டர் பிசகு இருந்தால், அது 30 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். மும்பை பக்கம் போர் காட் மலைப்பாதையில் 37-க்கு 1 ஏற்றம், அங்கே பின்னால் உதவி எஞ்சின் வைத்துத்தான் ரயிலைத் தள்ளுகிறார்கள். அதைவிடச் செங்குத்தான ஏற்றத்தை நாம் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம்.

என் கதைக்கு வருகிறேன். தருமபுரியிலிருந்து ஓசூருக்கு, அலுவலகம் போகிறவர்களுக்கான ரயில் ஓடும் பாதை. அதுதான் என் கனவு. ராயக்கோட்டை வரை போட்டு முடிக்க ஒரு வருஷம் ஆனது. வெறும் தண்டவாளம் மட்டும் இல்லை. மாந்தோப்பு, புளியமரம், கருங்கல் பாறை, ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் போகிற மினி லாரி எல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் வைத்தது. ஒரு தடவைகூட முழு தூரத்துக்கும் ரயிலை ஓட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஓட்டலாம் என்று ஒரு ஆசை.

முடிந்தது. எட்டுப் பெட்டி மெமுவைக் கிளப்பினேன். பாலக்கோடு வரை குதித்துக் குதித்துப் போனது. மாரண்டஹள்ளி தாண்டியதும் வேகம் 60, 45, 30 என்று இறங்கி, 18-ல் நின்று முக்கியது. அப்புறம் பின்னால் உருள ஆரம்பித்தது.

இந்த இடத்தில் செய்த காரியத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கோபம் வருகிறது. பாதை தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எஞ்சின் ஃபைலில் இழுவிசை குறைவு என்று முடிவு செய்து அதை ஏற்றினேன். ஏறியது. ஆனால் சமதளத்தில் ரயில் ராக்கெட் மாதிரி கிளம்பியது. சரி என்று பிரேக்கையும் கூட்டினேன். இப்படி இரண்டு வாரம் பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்து டீக்கடைக்கு வருவார். ஒருநாள் செல்போனில் வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "ஏன் தம்பி, ஸ்டேஷன் மஞ்சள் போர்டுல உயரம் எழுதியிருக்கே, ஒருநாளும் படிச்சதில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

எத்தனை தடவை அந்தப் போர்டுக்குக் கீழே நின்றிருப்பேன்! ஊர்ப் பெயருக்கு அடியில், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அதோடு, பாதையோரத்தில் ஏற்றம் மாறுகிற இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கம்பம் நட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் கை, ஒவ்வொரு கையிலும் ஒரு எண். 100 என்று போட்ட கை மேல்நோக்கி இருந்தால், அந்தப் பக்கம் 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அது எந்தக் கிலோமீட்டரில் இருக்கிறது என்பதை மின்கம்பத்து எண்ணே சொல்லிவிடும்.

அடுத்த விடுமுறையில் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். எதிர் சீட்டு அம்மா என்னை ரயில்வே அதிகாரி என்று நினைத்து, கழிவறையில் தண்ணீர் வராததைச் சொல்லிப் புகார் செய்தார். போகும்போது விட்டதைத் திரும்பி வரும்போது பிடித்தேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு ஸ்டேஷனின் உயரம், அடுத்த ஸ்டேஷனின் உயரம், நடுவில் தூரம். எக்ஸெலில் மூன்று பத்தி. தருமபுரியிலிருந்து ஓசூர் போவதற்குள் 400 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும், அந்த ஏற்றத்தை எந்தெந்த இடத்தில் எவ்வளவு கொடுப்பது என்பதை முதலில் தாளில் தீர்த்துவிடுங்கள். ஸ்டேஷன் எல்லைக்குள் பாதை சமதளத்தை ஒட்டி இருக்க வேண்டும். புது ஸ்டேஷன்களுக்கு ரயில்வே விரும்புவது 1200-க்கு 1, மிஞ்சிப்போனால் 400-க்கு 1. அதைவிடச் சாய்ந்திருந்தால் நிறுத்தி வைத்த பெட்டி தானாக உருளும். வளைவில் ஏற்றத்தைக் குறைக்கவும் மறக்காதீர்கள், அகலப்பாதையில் ஒரு டிகிரி வளைவுக்கு 0.04 சதவீதம் (வளைவு எவ்வளவு நெருக்கமோ, டிகிரி அவ்வளவு அதிகம்). நாலு டிகிரி வளைவென்றால் 0.16 சதவீதம் கழியும், அதனால் 100-க்கு 1 என்று வைத்திருந்த இடம் ஏறத்தாழ 119-க்கு 1 ஆகிவிடும்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் தண்டவாளம். தண்டவாளத்துக்குப் பிறகு நிலத்தை அதற்கேற்ப வெட்டுவதும் மேடாக்குவதும். நிலம் தண்டவாளத்துக்கு அடங்க வேண்டும். நிஜத்திலும் அப்படித்தானே செய்கிறார்கள்? மலையை வெட்டுகிறார்கள், பள்ளத்தில் கரை போடுகிறார்கள். அப்புறம் ரயிலை ஓட்டிப் பாருங்கள். அதற்கும் பிறகுதான் முதல் மரம்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? கிலோமீட்டருக்கு 2 மீட்டர் திருத்தினால், ஏழு கிலோமீட்டர் தள்ளிப் பாதை 14 மீட்டர் மேலேயோ கீழேயோ போய்விடும். நான் வைத்த வீடுகள் அந்தரத்தில் தொங்கின. சில இடங்களில் மாந்தோப்பு மண்ணுக்குள் புதைந்து, உச்சி மட்டும் காலிஃபிளவர் மாதிரி எட்டிப் பார்த்தது. ஒரு வருஷ வேலையில் உருப்படியாகத் தேறியது தருமபுரி ஸ்டேஷன் கட்டிடமும் அதை ஒட்டிய இரண்டு தெருவும்தான்.

பயணிகள் ரயிலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பார்கள். எக்ஸ்பிரஸ் நிற்காமல் போய்விடும், சின்னப் பிசகு தெரியாது. இது நின்று நின்று போகிற ரயில். ஒரு சதவீத ஏற்றம், ஒவ்வொரு நொடியும் மணிக்கு 0.35 கிலோமீட்டர் வேகத்தைத் தின்னும். 60-ல் வந்து, ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் குறைகிற மாதிரி பிரேக் பிடித்தால் சமதளத்தில் 230 மீட்டரில் நிற்கும், 100-க்கு 1 இறக்கத்தில் 275 மீட்டருக்கு மேல் ஓடும். இரண்டு பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய்விடும். ஓட்டுகிறவன் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வான், பாவம்.

வெளிநாட்டுத் தண்டவாளத்தில் நம் ரயில்

இயல்பாகக் கிடைக்கும் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1435 மில்லிமீட்டர். நம்முடையது 1676. மாற்றுங்கள்.

ஒற்றைப் பாதையை மறந்து அட்டவணை போடுவது

அரை மணிக்கு ஒரு ரயில் என்று எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். ஆசைக்கு என்ன, பத்து நிமிஷத்துக்கு ஒன்றும் விடலாம். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வருகிற இரண்டு ரயில்கள் ஸ்டேஷனில் மட்டும்தான் ஒன்றை ஒன்று கடக்க முடியும். இரண்டு கிராசிங் ஸ்டேஷனுக்கு நடுவே போக 14 நிமிடம் ஆனால், அந்தத் துண்டில் ஒரு ரயில் போய், எதிர் ரயில் வந்து சேர 28 நிமிடம். சிக்னல் மாற, கதவு மூட ஒன்றிரண்டு நிமிடம் சேர்த்தால் அரை மணி முழுசாகத் தீர்ந்தது. ஒரு ரயில் ஐந்து நிமிடம் தாமதமானாலும் அன்றைய நாள் முழுக்க அது இழுத்துக்கொண்டே போகும். அட்டவணையை முதலில் கட்டம் போட்ட தாளில், ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் தூரம் என்று வைத்து, ரயிலுக்கு ஒரு கோடாக வரையுங்கள், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஸ்டேஷன் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டேஷனில் ரயில் ஒதுங்கி நிற்கும் லூப் லைனை எட்டுப் பெட்டி மெமு நிற்கும் அளவுக்கு மட்டும் போடுகிறவர்களும் உண்டு. சரக்கு ரயில் வந்தால் அதன் வால் மெயின் லைனில் நிற்கும். 700 மீட்டராவது விடுங்கள்.

பழைய குறுகிய பாதையின் தடத்திலேயே போடுவது

எங்கள் மாவட்டத்துக்கே உரிய தவறு இது. மொரப்பூர்–தருமபுரிக்கு 1906-லேயே ரயில் வந்துவிட்டது, 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது, 1941-ல் பிடுங்கிவிட்டார்கள். பழைய வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் கை பரபரக்கும். அது 762 மில்லிமீட்டர் குறும்பாதை, சின்ன எஞ்சின், நெருக்கமான வளைவு. அதன் மேல் அகலப்பாதை போட்டால் 90-ல் போக வேண்டிய ரயில் 30-ல் ஊர்ந்துதான் போக வேண்டும். வரலாறு வேண்டுமென்றால் அதைத் தனி ரூட்டாகவே போடுங்கள். நானே ஓட்ட வருகிறேன்.

பைன் மரம்

பென்னாகரம் சாலையில் ஏது பைன் மரம்?

அடுத்தவர் மாடலைக் கேட்காமல் எடுப்பது

ரயிலோ கட்டிடமோ, செய்தவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

ஊருக்கு ஒரு ஸ்டேஷன்

தெருப் பையனின் மொரப்பூர் பாதையை எண்ணிப் பார்த்தேன். 36 கிலோமீட்டருக்கு 14 ஸ்டேஷன். "எங்க பெரியம்மா ஊருண்ணா, இது மாமா ஊருண்ணா" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான்.

90-ல் ஓடும் ரயிலை நிறுத்தி மறுபடி 90-க்குக் கொண்டுவர, பிரேக்குக்கும் வேகமெடுக்கவும் முக்கால் நிமிடம் வீணாகும். ஆள் ஏறி இறங்க இன்னொரு முக்கால் நிமிடம். ஆக ஸ்டேஷனுக்கு ஒன்றரை நிமிடம். கூடுதலாக ஆறு ஸ்டேஷன் வைத்தால் ஒன்பது நிமிடம். இதோடு மேலே சொன்ன கிராசிங் கணக்கும் சேர்ந்து மொத்த அட்டவணையையும் கலைத்துவிடும். பேருந்து அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் வேலைக்குப் போகிறவன் ரயிலில் ஏன் ஏறப்போகிறான்? பையனிடம் எட்டை எடுக்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பெரியம்மா ஊரை மட்டும் விட்டுவைக்கலாமா என்று கேட்டான்.

என்னால் கறாராக மறுக்க முடியவில்லை. பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு ஹால்ட் என் ரூட்டில் இருக்கிறது. ஒரு வேப்பமரம், ஒரு சிமென்ட் பெஞ்சு, மஞ்சள் போர்டில் என் அம்மா பிறந்த ஊர்ப் பெயர், அதன் கீழே சரியான உயரம். மெமு அங்கே ஒன்றரை நிமிடத்தை இழக்கிறது. எடுக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவை அட்டவணையைத் திருத்தும்போதும் நினைக்கிறேன்.